லிஃப்ட்காரர் வைத்த எடை

என் வீட்டுக்காரரைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வகைப் பொருள்கள்தாம். தானாக நிற்பவை ஒரு வகை, யாராவது பிடித்துக்கொண்டால்தான் நிற்பவை இன்னொரு வகை. கல்யாணமான புதிதில் என்னை எதில் சேர்த்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். நிதானமாக யோசித்துவிட்டு, "நீ பிடிச்சுக்கிட்டாதான் நான் நிக்கறேன்" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவேயில்லை. கிடைத்த நல்ல பதிலை மறுபடி கேட்டு எதற்குக் கெடுத்துக்கொள்வது?

அவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் தெருவில் அவர் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது, லிஃப்ட்காரர் என்றால் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். என்னிடம் படிக்க வந்த மனிதர்தான் அவர். முதல் நாள், சிக்னலில் வெள்ளைக் கோட்டில் நிறுத்தச் சொன்னேன். மயிரிழை பிசகாமல் கோட்டின் மேல் நிறுத்தினார். ஆனால் அதற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் பின்னால் வந்த பஸ் டிரைவர் என் ஏழு தலைமுறையையும் விசாரித்து முடித்துவிட்டார். "இவ்வளவு மெதுவா பிரேக் போட்டா எப்படிங்க?" என்று கேட்டதற்கு, "தளத்தோட சமமா நிக்கலேன்னா இறங்கறவங்க தடுக்கி விழுவாங்க" என்றார். அவருக்கு லைசென்ஸ் வருவதற்குள் எங்களுக்குக் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள்.

அவருடைய வேலையில் பாதி கிரீஸும் கம்பிவடமும் என்றால், மீதி பாதி பேச்சு. லிஃப்ட் நடுவில் நின்றுபோய் உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால், முதலில் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துகொள்வார். "நான் வந்துட்டேன். நீங்களும் உக்காந்துக்கங்க. என்ன சாப்பிட்டீங்க இன்னைக்கு?" என்று ஆரம்பிப்பார். உள்ளே இருக்கிறவர் எரிச்சலில் ஏதாவது பதில் சொல்வார். அந்த எரிச்சல்தான் மருந்து, பயம் அதில் கரைந்துவிடும் என்பது இவர் கணக்கு. வீட்டில் இப்படிப் பேசுவாரா என்றால், வாயில் கொழுக்கட்டைதான். ஊருக்கெல்லாம் பேச்சைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் காலிப் பாத்திரத்தோடு வருகிற மனிதர்.

அப்படி ஒரு நாள் ஒன்பதாவது மாடிக்காரர் ஒருவர் உள்ளே மாட்டிக்கொண்டார். இவர் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவரோடு நட்சத்திரத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார். அந்த மனிதர் வீட்டைக் காலிசெய்து வெளியூர் போகும்போது தம் தொலைநோக்கியை இவரிடம் கொடுத்துவிட்டார். மூன்று பெட்டிகள். ஒன்றில் நீளக் குழல், ஒன்றில் முக்காலி, ஒன்றில் இரும்பில் வார்த்த ஒரு கனமான தலை. அந்தத் தலையோடு ஒரு கம்பியும், கம்பியில் மாட்டுகிற வட்டமான எடைக்கல் ஒன்றும் இருந்தன. எப்படிப் பூட்டுவது என்று சொல்கிற புத்தகம் மட்டும் இல்லை.

எடைக்கல்லைப் பார்த்ததும் இவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே. "கவுண்டர்வெயிட்" என்றார், பிரிந்துபோன சொந்தக்காரரைச் சந்தையில் கண்டவர்போல. "இதைப் போய் யார்கிட்ட கேக்கணும்? என் பொழைப்பே இதுதானே."

இந்த இடத்தில் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாமனார் கட்டிய வீடு, அண்ணன் தம்பிக்கென்று நடுவில் சுவர் வைத்துப் பிரித்தது. வடக்குப் பாதி என் கணவரின் அண்ணனுக்கு, தெற்குப் பாதி எங்களுக்கு. மொட்டைமாடிக்கும் அதே பிரிவினைதான், ஆனால் அங்கே சுவர் முழங்கால் உயரம்தான். பெரியவரான அந்த அண்ணன் பிளம்பர். ஊரில் பாதிக் குழாய்கள் அவர் கைபட்டவை.

ஒரே சமையலறையாக இருந்த காலத்தில் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இவர் அப்போதெல்லாம் வாயாடிதான், அண்ணனிடம் மட்டும். ஒரு பக்கம் டம்ளரையும் மறு பக்கம் கிண்ணத்தையும் வைத்து லிஃப்ட் எப்படி ஏறி இறங்குகிறது என்று விளக்குவார். "பெட்டி காலியா இருக்கறப்போ கவுண்டர்வெயிட் கனமா இருக்கணும் அண்ணே. பாதி ஆள் ஏறினா ரெண்டும் சமம். அப்பதான் மோட்டாருக்குக் கஷ்டம் இல்ல." பெரியவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் "ம்" என்பார். சாப்பாட்டில் இருக்கிற கவனம் இவர் பேச்சில் இல்லை என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

பிறகு சமையலறை இரண்டாயிற்று. அதில் சண்டை ஒன்றும் இல்லை. சண்டை வந்தது தண்ணீர்த் தொட்டியால். பெரியவர் தம் பாதி மாடியில் செங்கல் தூண் எழுப்பி அதன்மேல் ஒரு பெரிய கறுப்புத் தொட்டியை ஏற்றினார். இவர் போய் நின்று பார்த்துவிட்டு, "சுமை முழுக்க ஒரே பக்கம் ஏறுது அண்ணே. சுவர் வெடிச்சிரும்" என்றார்.

"நான் எத்தனை டேங்க் ஏத்தியிருக்கேன் தெரியுமா? நீ போய் உன் பெட்டியைப் பாரு."

"என் பெட்டியில மனுஷங்க போறாங்க. உன் குழாயில தண்ணிதானே போகுது."

அவ்வளவுதான் பேச்சு. இருவருமே குரலை உயர்த்தவில்லை. கத்தியிருந்தால் மறுநாள் காலையில் ஆறிப்போயிருக்கும். மெதுவாகச் சொன்னதால் உள்ளே இறங்கிவிட்டது. அன்றிலிருந்து நாலு வருடம் இருவருக்கும் பேச்சில்லை. சுவர் வெடித்திருந்தால் பெரியவர் வந்து, நீ சொன்னது சரிதான் என்றிருப்பார். சுவர் கல்லுப்பிள்ளையார் மாதிரி அப்படியே இருந்தது. ஆகவே "நான் சொன்னது தப்பு" என்று போய்ச் சொல்லவேண்டிய முறை இவருடையதாகிவிட்டது. இவர் போகவில்லை.

நானும் என் ஓரகத்தியும் மட்டும் ஒரு நாளும் பேச்சை நிறுத்தவில்லை. அவர்கள் பேசாததையும் சேர்த்து நாங்களே பேசித் தீர்த்தோம். "உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, எங்க வீட்டுக்காரர் சொன்னாருன்னு சொல்லாம சொல்லு, வாசல் கேட் இத்துப்போச்சுன்னு" என்பார் அக்கா. நான் சொல்லாமல் சொல்வேன். மறுநாள் கேட்டுக்குப் புதுக் கீல் வந்திருக்கும்.

தொலைநோக்கி வந்தது இந்த நாலாவது வருடத்தில்தான். சாயங்காலம் வேலையிலிருந்து வந்து குளித்ததும் மாடிக்குப் போய்விடுவார். நானும் துணி எடுக்கிற சாக்கில் போவேன். முக்காலியை விரித்து, தலையை அதன்மேல் பூட்டி, முதலில் எடைக்கல்லைக் கம்பியில் மாட்டுவார், அதற்குப் பிறகுதான் குழலை ஏற்றுவார். கழற்றும்போது தலைகீழ், முதலில் குழல், கடைசியில் எடை. "மாத்திச் செஞ்சா கவுந்துரும்" என்பார். அதெல்லாம் சரியாகவே செய்தார்.

குழலையும் கம்பியையும் தரைக்குச் சமமாக, தராசு மாதிரி இரண்டு பக்கமும் நீட்டி வைத்துவிட்டு, அச்சை இறுக்கிப் பிடிக்கிற கிளட்ச் என்கிற சின்ன நெம்புகோலைத் தளர்த்துவார். எடைக்கல் பக்கம் மெல்லக் கீழே இறங்கும். இவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு மறுபடி இறுக்குவார்.

"கீழ போகுதே" என்றேன் ஒரு நாள்.

"போகணும். ஆள் வந்தா சரியாயிடும்."

எனக்குப் புரியவில்லை. ஆனால் டிரைவிங் ஸ்கூலில் பின் சீட்டிலிருந்து யோசனை சொல்கிற மாமனார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தெரியாத தொழிலில் மூக்கை நுழைக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன்.

வானம் மொத்தமும் துருவ நட்சத்திரத்தை நடுவில் வைத்து மெதுவாகச் சுற்றுகிறதாம். இந்த இரும்புத் தலையில் இருக்கிற அச்சை அந்த நட்சத்திரத்தைப் பார்த்து நிறுத்திவிட்டால், ஒரு சின்ன மோட்டார் அச்சைச் சுழற்றிக்கொண்டே இருக்கும், பார்க்கிற பொருள் கண்ணைவிட்டுப் போகாது. இது அவர் எனக்குச் சொன்னது. ஆனால் எங்கள் ஊரில் துருவ நட்சத்திரம் வடக்கே தாழ்வாகத்தான் தெரியும். எங்கள் மாடியிலிருந்து வடக்கே பார்த்தால் என்ன தெரியும்? பெரியவரின் தண்ணீர்த் தொட்டி தெரியும். அது மட்டும்தான் தெரியும்.

திசைகாட்டியை வைத்து ஒரு குத்துமதிப்பாக அச்சைத் திருப்பினார். முதலில் சனியைப் பிடித்தார். "ஊரெல்லாம் சனி விட்டுத் தொலையாதான்னு காத்திருக்கு, நீங்க தேடித் தேடிப் பிடிக்கிறீங்க" என்றேன். வா, பாரு என்று கூப்பிட்டார். நான் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் முகத்தைத் துடைத்து, கண்ணை வைப்பதற்குள் அங்கே ஒன்றும் இல்லை. மறுபடி பிடித்தார். மறுபடி ஓடிவிட்டது. கிளட்ச் வழுக்குகிறது என்பது வரைக்கும் இருவருக்கும் தெரிந்தது. கிளட்ச் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குள் இருந்த வாத்தியார் எழுந்துவிட்டாள். "தேஞ்சு போயிருக்கும். கழட்டித் துடைங்க" என்று அடித்துச் சொன்னேன். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். பாவம், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கழற்றித் துடைத்துப் பூட்டினார். அன்று சாயங்காலமும் அதே வழுக்கல்.

பெரியவர் தினமும் தம் பக்கத்து மாடியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். முட்டி வலியால் கீழேயும் மேலேயும் அடிக்கடி நடக்க முடியாது, ஏறினால் இருட்டிய பிறகுதான் இறங்குவார். இந்தப் பக்கம் முகத்தைத் திருப்பமாட்டார். இவரும் அந்தப் பக்கம் பார்க்கமாட்டார். ஆனால் இவ்வளவு பெரிய மாடியில் முக்காலியை எப்போதும் அந்த நடுச்சுவரை ஒட்டியே ஏன் போட வேண்டும்? கேட்டேன். "வயர் எட்டணும்ல" என்றார். வயர் சுருட்டி வைத்த மிச்சமே இரண்டு மாடிக்குப் போதும்.

அக்காதான் ஒரு நாள் துணி காயப்போடும்போது சொன்னார். "நாங்க மகள் வீட்டுக்கே போயிடலாம்னு இருக்கோம். இவர் முட்டிக்கு இனிமே இந்தப் படியெல்லாம் ஆகாது. மாசக் கடைசியில வண்டி வருது. வீட்டை வாடகைக்கு விட்டாச்சு." சொல்லிவிட்டு ஈரத்துணியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை நாள் பேசாமல் இருந்தாலும் ஒரே சுவரின் இரண்டு பக்கம் இருந்தார்கள். இனி அந்தச் சுவரும் நடுவில் இல்லாமல் போகும். இந்த மாதம் பேசாவிட்டால், பிறகு கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

இவரிடம் சொன்னேன். "ம்" என்றார். ஸ்குரூவை இறுக்கினார். அதை அவர் ஏற்கெனவே இறுக்கி முடித்திருந்தார்.

"நாளைக்குப் போய்ப் பேசுங்களேன்."

"என்னன்னு பேச?"

"என்னத்தையாவது. என்ன சாப்பிட்டீங்கன்னு கேளுங்க. ஊருக்கெல்லாம் கேக்கறீங்களே."

"அவங்க உள்ள மாட்டிக்கிட்டவங்க" என்றார்.

நீங்கள் இரண்டு பேரும் மட்டும் என்னவாம் என்று நாக்கு நுனிவரை வந்தது.

மாதக் கடைசிக்குச் சில நாள் இருக்கும்போது, ஒரு சாயங்காலம். சூரியன் இறங்கி வானத்தில் இன்னும் வெளிச்சம் மிச்சம் இருந்தது. இவர் வழக்கம்போல் எல்லாவற்றையும் பூட்டி, கம்பியை நீட்டிவைத்து, கிளட்ச்சைத் தளர்த்தினார். எடைக்கல் வழக்கம்போல் கீழே இறங்கியது. இவர் வழக்கம்போல் தலையாட்டினார். நான் கொடியிலிருந்து போர்வையை எடுத்து மடித்துக்கொண்டிருந்தேன்.

"அதுல யாருடா ஏறப் போறாங்க?"

குரல் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. பெரியவர் நாற்காலியில் முன்போலவே தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் ஏதோ ரேடியோ என்றுகூட நினைத்தேன். இவர் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"என்ன?" என்றார்.

"வெயிட்டைச் சொல்றேன். ஆள் ஏறற பெட்டிக்குத்தானே கனமா வைப்பே. பாதி ஆள் ஏறினா சமமாகும்பே. இதுல யாரு ஏறப் போறாங்க? பார்க்கிறவன் தரையிலதானே நிக்கப் போறான்?"

இவர் எடைக்கல்லைப் பார்த்தார். குழலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பரீட்சைத்தாளில் தன் பெயரையே தப்பாக எழுதிவிட்ட பிள்ளை மாதிரி இருந்தது முகம். இத்தனை வருடமாக லிஃப்ட்டுக்கு எடை வைத்த கை, இங்கேயும் தன்னையறியாமல் ஆள் ஏறுவதற்குச் சேர்த்தே வைத்திருக்கிறது. அந்த அதிகக் கனம்தான் கிளட்ச்சை இழுத்து வழுக்கவைத்திருக்கிறது. இவருக்குப் புரிய ஒரு நொடிகூட ஆகவில்லை. பெரியவருக்கோ, ஆள் வந்தா சரியாயிடும் என்று இவர் சொன்னது காதில் விழுந்த நாளிலிருந்தே அது புரிந்திருக்கிறது, சொல்ல முடியாமல் தொண்டையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் "ம்" போட்டதெல்லாம் கேட்டுக்கொண்டே போட்ட "ம்" என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இவர் எடைக்கல்லின் திருகைத் தளர்த்தி, கம்பியில் கொஞ்சம் மேலே தள்ளி இறுக்கினார். கிளட்ச்சை விட்டார். ஒரு துளி ஆடிவிட்டு நின்றது. விரலால் கொஞ்சம் நகர்த்தினார். நகர்த்திய இடத்திலேயே நின்றது. பிறகு குழலையும் அதன் வளையத்துக்குள் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்து நிறுத்தினார்.

"நின்னுருச்சு" என்றார்.

"நிக்கும்" என்றார் பெரியவர். இன்னும் தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "வடக்கு தெரியணும்னா இந்தப் பக்கம் எடுத்துட்டு வா. அங்கேர்ந்து டேங்க் மறைக்குதில்ல."

தொட்டியைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த சொல் அது ஒன்றுதான். இவர் குழலைக் கழற்றி என் கையில் கொடுத்தார், எடைக்கல்லைக் கழற்றினார், முக்காலியைத் தூக்கிக்கொண்டு முழங்கால் உயரச் சுவரைத் தாண்டினார். நாலு வருடத்தில் முதல்முறையாகத் தாண்டிய கால் அதில் தடுக்கி ஒரு முறை உதறிக்கொண்டது. பெரியவர் கீழே குனிந்து, நாற்காலிக்கடியில் இருந்த தம் வேலைப் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்தார். குழாய்க்கு வாட்டம் பார்க்கிற மட்டம். முக்காலியின் மேல் வைத்து, "மேற்குக் காலை அரை நூல் இறக்கு" என்றார். இவர் இறக்கினார். சத்தம் கேட்டு மேலே வந்த அக்கா, படிக்கட்டின் உச்சியிலேயே நின்றுவிட்டார். நான் வாயில் விரலை வைத்துக் காட்டினேன்.

இருட்டத் தொடங்கியதும் துருவ நட்சத்திரம் தெரிந்தது, தொட்டிக்கு அப்பால், தாழ்வாக, சாதாரணமாக. இதற்கா இவ்வளவு என்று தோன்றியது எனக்கு. அச்சை அதைப் பார்த்துத் திருப்பி இறுக்கினார். சனியைப் பிடித்து, மோட்டாரைப் போட்டுவிட்டு, "பாரு அண்ணே" என்றார்.

பெரியவர் குனிந்து பார்த்தார். நான் மனதுக்குள் பத்துவரை எண்ணினேன். ஓடவில்லை. இன்னும் நேரம் போயிற்று. அவர் கண்ணை எடுக்கவில்லை.

"வாஷர் போட்டாப்பல இருக்குடா" என்றார்.

அதன் பிறகு மிச்சமிருந்த எல்லா சாயங்காலமும் அதே இடம்தான். மன்னிப்பு என்ற சொல் ஒரு தடவைகூடக் கேட்கப்படவில்லை, அதற்கு இருவர் வீட்டு அகராதியிலும் இடமில்லை. எடை, வாட்டம், மட்டம் இவற்றைத்தான் பேசினார்கள். கேட்கக் கேட்க எனக்கும் அக்காவுக்கும் வயிறு நிறைந்தது.

கடைசி சாயங்காலம். கீழே மூட்டைமுடிச்சுகள் கட்டி வாசலில் அடுக்கியிருந்தன. பெரியவர் அன்று படி ஏறி வந்ததே பெரிய காரியம். குனிந்து கண்ணை வைத்தவர், முட்டி தாங்காமல் குழலின்மேல் கையை ஊன்றினார். குழலில் கை வைப்பது இவருக்கு ஆகவே ஆகாது. ஒரு தரம் நான் சும்மா விரலை வைத்ததற்கு, ஓடுகிற லிஃப்ட்டின் கதவைத் திறந்தவளைப்போல என்னைப் பார்த்தவர்.

குழல் சரிந்தது. சனி போய்விட்டது. பெரியவர் கையை எடுத்துக்கொண்டார்.

"கெடுத்துட்டேன்டா. முட்டி நிக்க விடல. நீ பாரு, நான் உக்காந்துக்கறேன்."

"இரு" என்றார் இவர்.

எடைக்கல்லின் திருகைத் தளர்த்தினார். கம்பியில் கீழே தள்ளினார், முன்பு தப்பாக வைத்திருந்தாரே, கிட்டத்தட்ட அந்த இடத்துக்கே. இறுக்கினார்.

"மறுபடி ஏன்டா கனமா வைக்கறே?"

"யாரு ஏறப் போறாங்கன்னு கேட்டியே" என்றார் இவர். "கையை வை."

பெரியவர் தயங்கினார். பிறகு மெதுவாகக் குழலின்மேல் கையை வைத்து, உடம்பின் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். இவர் எடைக்கல்லை விரல்விரலாக நகர்த்திக்கொண்டே வந்தார், கையின் கனத்துக்குச் சரியாக வரும்வரை. குழல் அசையாமல் நின்றது. சனியை மறுபடி பிடித்துக் கொடுத்துவிட்டு, அண்ணனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். லிஃப்ட் கதவுக்கு வெளியே உட்காருவாரே, அதே மாதிரி.

"என்ன அண்ணே சாப்பிட்டே இன்னைக்கு?" என்று கேட்டார்.

மறுநாள் வண்டி வந்து போயிற்று. அடுத்த வாரம் இவர் எங்கள் பாதி மாடியில் தொலைநோக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பார்த்தேன். கம்பியில் வெள்ளைப் பெயிண்டால் இரண்டு கோடுகள் போட்டிருந்தார். மேலே இருப்பது எதற்கென்று எனக்குத் தெரியும், அங்கே வைத்தால்தான் அது சமமாக நிற்கிறது. கீழே இருக்கிற கோடு எதற்கு என்று கேட்டேன்.

"அண்ணன் வந்தா தேடிக்கிட்டு இருக்க வேண்டாம்ல" என்றார்.